இருட்டில் பின்னிய இரட்டைச் சடை

என் காலை நிகழ்ச்சியில் 6.40 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பத்து நிமிடம் உண்டு. புலனத்தில் குரல் பதிவு அனுப்புவார்கள். பெயர், பள்ளி, யாருக்குப் பிறந்தநாள், என்ன பாட்டு வேண்டும், அவ்வளவுதான். பாதிப் பதிவுகளில் பெயருக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு கொட்டாவி வந்துவிடும். வெட்டிவிடலாமா என்று தயாரிப்பாளர் கேட்பார். வேண்டாம், இருக்கட்டும் என்பேன். அதைக் கேட்டு எத்தனை வீட்டுச் சமையலறையில் அம்மாக்கள் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

கடந்த ஜனவரியில் இரண்டு பதிவுகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது பேராக்கிலிருந்து ஒரு நான்காம் ஆண்டு மாணவி. "அக்கா, வேன்ல இருக்கேன். வெளிய ஒண்ணுமே தெரியல, கும்மிருட்டு" என்றாள். அடுத்தது கோத்தா கினபாலுவில் வேலை செய்யும் ஓர் அண்ணன், செயலி வழியாகக் கேட்பவர். "இங்க வெயில் கண்ணக் கூசுது, திரைச்சீலைய இழுத்து விட்டுட்டுத்தான் பேசுறேன்" என்றார். இருவரும் பார்த்தது ஒரே மணி. இருப்பதும் ஒரே நாடு. ஒரு பக்கம் ராத்திரி, ஒரு பக்கம் பகல். இரண்டு பாட்டையும் போட்டுவிட்டு வெளியே வந்த பிறகும் அது மனத்தை விட்டுப் போகவில்லை.

நான் ஆயர் தாவார்க்காரி. சித்தியவானைத் தாண்டி ஈப்போ பக்கம் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கடந்திருப்பீர்கள். நிறுத்திப் பார்த்தவர்கள் குறைவு. நிறுத்தியவர்களும் கொம்பியா வாங்கத்தான் நிறுத்தியிருப்பார்கள். மலாயில் ஊர்ப் பெயருக்கு உப்பில்லாத தண்ணீர், நன்னீர் என்று பொருள். பொருள் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடியாத நேரத்தில் அந்த நன்னீரைத் தொட்டியிலிருந்து மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டவர்களுக்கு வேறு கருத்து இருக்கும்.

எங்கள் வீட்டில் அம்மா எழுப்புவது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் விளக்கைப் போடுவார். நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வேன். இரண்டாவது, காற்றாடியை நிறுத்துவார். இது பொல்லாத முறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றாடி இல்லாமல் போர்வைக்குள் ஐந்து நிமிடம் தாங்க முடியாது. மூன்றாவது, பொய். "மணி ஆறாச்சி, ஏந்திரி பாப்பா, வேன் வந்துரும்" என்பார். அப்போது மணி 5.25 ஆக இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தையே அம்மா பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்திருந்தார். அக்காவும் நானும் அதைக் கண்டுபிடித்து மனத்துக்குள் கழித்துக்கொள்ளத் தொடங்கியதும், அது பதினைந்து நிமிடமாக மாறியது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பேருந்தைத் தவற விடுவோமோ என்று பதறி எழுவார்கள்.

அக்கா புத்திசாலி. பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டே படுத்துவிடுவாள். நீலப் பினஃபோர் கசங்கிப் போகும் என்று அம்மா திட்டியதும், உள்ளே போடும் வெள்ளைச் சட்டையோடு மட்டும் படுக்கத் தொடங்கினாள். அதில் மிச்சமாவது நான்கு நிமிடம் என்று கணக்கு வேறு சொல்வாள். பத்து வயதுப் பிள்ளை நான்கு நிமிடத் தூக்கத்துக்காக இவ்வளவு யோசித்திருக்கிறாள்.

குளித்து வந்ததும் அம்மா நாற்காலியில் உட்காருவார். நான் அவர் முழங்கால்களுக்கு நடுவில் தரையில் உட்காருவேன். இரட்டைச் சடை. அம்மா சீப்பால் வகிடு எடுக்கும்போதே என் கண் செருகிவிடும். உட்கார்ந்தபடி, தலையை அம்மாவின் கைகளுக்கு ஒப்படைத்துவிட்டுத் தூங்கிய அந்தப் பத்து நிமிடம்போல் ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இடது சடை முடிந்து வலது சடைக்கு இழுக்கும்போது ஒரு முறை விழிப்பு வரும். ரிப்பன் கட்டி முடிச்சைச் சுண்டும்போது இன்னொரு முறை. மேசையில் மைலோ ஆடை கட்டிக் கிடக்கும். "பசியாறிட்டுப் போ" என்று அம்மா ரொட்டியைக் கையில் திணிப்பார். வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய மின்னல் பண்பலைக்கு அப்போது வானொலி 6 என்று பெயர். என் தொழிலோடு எனக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு, அரைத் தூக்கத்தில் கேட்ட அந்தச் செய்திக் குரல்தான். என்ன செய்தி என்று ஒரு நாளும் நினைவிருந்ததில்லை.

வேன் 6.10-க்கு வரும். பள்ளி ஆறு கிலோமீட்டர்தான். பிறகு ஏன் 6.10? ஏனென்றால் எங்கள் தாமான்தான் வேனின் முதல் நிறுத்தம். எங்களை ஏற்றிக்கொண்டு செம்பனைக்குள் போய், பழைய தோட்டத்து வீடுகளில் நான்கு பிள்ளைகளை ஏற்றி, கம்பத்துச் சாலை வழியாகத் திரும்பி, சாமான் கடை முக்கில் இரண்டு பேருக்குக் காத்திருந்து, ஏழு மணிக்குப் பள்ளி வாசலுக்குப் போகும். கடைசியில் ஏறுகிற பையன் பளிச்சென்று, பவுடர் கலையாமல், வாயில் வடையோடு வருவான். எங்கள் எல்லாருக்கும் அவன்மேல் ஒரு பகை இருந்தது. அவன் மேல் என்ன தப்பு? பள்ளிக்குப் பக்கத்தில் வீடு. அவ்வளவுதான்.

ஜனவரி மாதத்துத் திங்கட்கிழமைச் சபைக்கூடலை நினைத்துப் பாருங்கள். 7.30 மணிக்கு வரிசையில் நிற்கிறோம். நடைகூடத்து விளக்குகள் எரிகின்றன. வானம் இன்னும் சாம்பல் நிறம். நெகாராகூ பாடி முடிக்கிறோம், மாநிலப் பாடல் பாடுகிறோம், பிறகு உரை. உரை தொடங்கியதும் வரிசை லேசாக அசையும், காற்றில் லாலான் புல் அசைவதுபோல. நின்றபடியே தூங்குகிற பிள்ளைகள். சட்டாம்பிள்ளைகள் நடுவில் நடந்து முதுகில் தட்டுவார்கள். முன்வரிசையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால், பசியாறாமல் வந்திருப்பாள் என்று ஓர் ஆசிரியர் சொல்வார். இரவு லேட்டாகப் படுத்திருப்பாள் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கும்.

இந்தக் கதைகளை என் பாட்டியிடம் சொன்னால் அவர் மதிக்கமாட்டார். "ஆமாடி, பெரிய பெரட்டுக்குப் போறவ" என்பார்.

பாட்டி பால்மரம் வெட்டியவர். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பதினைந்து வயதில் கத்தியைப் பிடித்து, கித்தாவை அழித்துச் செம்பனை போட்ட பிறகுதான் கீழே வைத்தார். நாலு மணிக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, கோப்பி கலக்கி, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டாயில் விட்டு, ஐந்து மணிக்குப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, சம்பளம் இல்லை. அங்கிருந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்கினால் சில நூறு மரங்கள். பாம்பு, கொசு, பனி.

ஏன் அந்த நேரம் என்று சின்ன வயதில் கேட்டேன். "மரம் அப்பதான் பால் குடுக்கும்" என்றார். இது வெறும் பேச்சல்ல. மரப்பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளியே விடும். மரத்துக்குள் அழுத்தம் குறையும். வெட்டினாலும் பால் சொட்டுவது குறைந்துவிடும். மரத்தின் கடிகாரத்துக்குத்தான் தோட்டம் எழுந்தது. துரையாலும் அதை மாற்ற முடியாது.

பாட்டி சொன்னதில் நான் கவனிக்காமல் விட்டதை வெகுநாள் கழித்து அம்மா சொன்னார். லயத்தில் எல்லாரும் மதியத்தில் தூங்குவார்கள். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து முடித்து, குளித்து, சோறு உண்டால் இரண்டு மணிக்கு லயமே அடங்கிவிடும். நாய்கூடக் குரைக்காது என்பார் அம்மா. இரவில் தோட்டத்து மின்சாரம் இத்தனை மணிவரை என்று கணக்கு. விளக்கு அணைந்தால் பேச்சும் அணைந்துவிடும். எட்டரை, ஒன்பதுக்கு மேல் விழித்திருப்பது காவல்காரர் மட்டும்தான். நாலு மணிக்கு எழுந்த தோட்டம் முந்தைய நாளே தூங்கிவிட்ட தோட்டம். மதியத்தில் இன்னொரு தவணையும் சேர்ந்துவிடும். பட்ட கஷ்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வேலையும் அந்தச் சம்பளமும் யாருக்கும் வரக்கூடாது. தூக்கத்தின் கணக்கை மட்டும்தான் சொல்கிறேன்.

தோட்டத்தைவிட்டுத் தாமானுக்கு வந்த குடும்பங்கள் எழும் நேரத்தைக் கூடவே கொண்டுவந்துவிட்டன. படுக்கும் நேரம் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. ஐந்தரைக்கு எழுந்த நான் ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வந்தேன். ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். சிறப்பு வகுப்பு என்று அது நான்கு மணி ஆனது. இரவு எட்டுக்குப் பிரத்தியேக வகுப்பு. ஒன்பதரைக்கு வீடு. பிறகு சாப்பாடு, வீட்டுப்பாடம், அம்மா பார்க்கும் தொடரில் ஒரு கண். படுக்கப் பத்தரை. ஏழு மணி நேரம். 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட பரிந்துரை ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் என்கிறது. குறைந்த கணக்கை வைத்தாலும் எனக்கு நாளுக்கு இரண்டு மணி நேரம் பற்றாக்குறை. பள்ளி நாள் ஐந்துக்கும் சேர்த்து வாரம் பத்து மணி நேரம். யு.பி.எஸ்.ஆர். 2021-இல் போய்விட்டது. பிரத்தியேக வகுப்பு போகவில்லை. இன்று அந்தத் தொடரின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. தொடருக்காவது ஒரு முடிவு நேரம் இருந்தது.

இப்போது கோத்தா கினபாலு அண்ணனின் வெயிலுக்கு வருகிறேன். அவர் பேசியதைக் கேட்ட பிறகுதான் பூமிப்படத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டேன்.

நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த 8 மணிக்குரிய தீர்க்கரேகை 120 பாகை. அது சபாவையும் தாண்டிக் கிழக்கே, பிலிப்பைன்ஸ் பக்கம் போகிறது. ஆயர் தாவார் இருப்பது ஏறத்தாழ 100¾ பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிடம். ஆகவே எங்கள் ஊரில் கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய 1 மணி 17 நிமிடம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் எங்கள் ஊரில் பன்னிரண்டுக்கு இல்லை, சராசரியாக 1.17-க்கு. ஆண்டில் எந்த நாளிலும் ஏழு மணிக்கு முன் சூரியன் தலைகாட்டுவதில்லை. அக்டோபர் கடைசியில் ஏழைத் தாண்டியதும் உதிக்கும். ஜனவரி கடைசி, பிப்ரவரியில் ஏழரைக்குத்தான் உதிக்கும். கோத்தா கினபாலுவில் அதே சூரியன் ஒரு மணி நேரம் முந்தி வந்துவிடும்.

அம்மா 5.30-க்கு எழுப்பியபோது, சூரியக் கணக்கில் மணி 4.13. இருட்டில் சடை பின்னியதற்குக் காரணம் இதுதான்.

சென்னையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களுடைய கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. ஆறு, ஆறரைக்கே விடிந்துவிடும். பள்ளி ஒன்பது மணிவாக்கில். விடிந்த பிறகு இரண்டு மணி நேரம் அவர்களுக்குச் சொந்தம். அதே தமிழ், அதே இட்லி. காலை மட்டும் வேறு.

நம் கடிகாரம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1905-இல் மலாயாவில் பொது நேரம் வந்தபோது கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முன்னால் வைத்தார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஊருக்கும் சூரியனுக்கும் 17 நிமிடம்தான் பிணக்கு. 1933-இல் 20 நிமிடம் முன்னே தள்ளினார்கள். 1941-இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே. எட்டு மணிக்கும் விடியாத காலம் அது. 1945-இல் போர் முடிந்ததும் பழைய ஏழரைக் கணக்கு திரும்பியது. பாட்டி பெரட்டுக்குப் போனது பெரும்பாலும் அந்தக் கடிகாரத்தில்தான்.

பிறகு 1981 டிசம்பர் 31. அன்று இரவு 11.30 ஆனதும் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை 12.00-க்குத் திருப்பி வைத்தது. புத்தாண்டு அரை மணி நேரம் முன்னதாகப் பிறந்தது. அந்த நாளுக்கு மட்டும் இருபத்து மூன்றரை மணி நேரம். டாக்டர் மகாதீர் பிரதமராகி ஆறு மாதம்கூட ஆகாத நேரம். சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பது காரணம். சிங்கப்பூரும் அதே இரவில் கூடவே மாற்றிக்கொண்டது. கூச்சிங்குக்குத் தொலைபேசி எடுக்கிறவர்களுக்கும் வங்கிக்காரர்களுக்கும் வசதி. நாட்டை ஒரே கடிகாரத்தில் வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. கிழக்கே இருப்பவர்கள் மேற்கே பார்த்து மாற்றியிருக்கலாம் என்று சொன்னால் அவர்கள் பிள்ளைகளுக்குச் சூரியன் ஐந்தரைக்கே வந்து நிற்கும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். விட்டுக்கொடுத்தவர்கள் யார் என்பதையாவது தெரிந்துகொள்ளலாம் அல்லவா? தீபகற்பத்தின் மேற்குக் கரை. பெர்லிஸ், கெடா, பினாங்கு, பேராக். அதிலும் தூரத்திலிருந்து வேனில் வருகிற பிள்ளைகள்.

இதில் ஒரு வேடிக்கை. பாட்டியின் கடிகாரத்தில் ஐந்து மணி என்பது இன்றைய கடிகாரத்தில் 5.30. பாட்டி பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த அதே கணத்தில்தான், முப்பது நாற்பது வருடம் கழித்து, நான் காற்றாடியில்லாத போர்வைக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். இதை அவரிடம் சொல்லிப் பார்க்க எனக்கு ஆசை. அவர் இப்போது இல்லை.

விடியாத நேரத்தில் பிள்ளைகளை அனுப்புவது மற்ற நாடுகளில் பெரிய விஷயம். எண்ணெய் நெருக்கடியின்போது, 1974 ஜனவரியில், அமெரிக்கா குளிர்காலத்திலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போனார்கள். சாலை விபத்துச் செய்திகள் வந்ததும் பெற்றோர் கொதித்தார்கள். 1975 ஏப்ரல் வரைக்கென்று போட்ட திட்டம் அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே, அந்த அக்டோபரிலேயே, கைவிடப்பட்டது. சீனாவின் மேற்குக் கோடியான சின்ஜியாங்கிலும் பெய்ஜிங் நேரம்தான் சட்டம், நம்முடைய அதே 8. அங்கே சூரியன் இன்னும் பின்தங்கி வருவதால், பலர் இரண்டு மணி நேரம் குறைத்துத் தங்களுக்கென்று ஓர் உள்ளூர் நேரம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் அம்மாவின் சுவர்க்கடிகாரத்துக்கு நேர்மாறான வைத்தியம்.

இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் கதை இன்னும் சிக்கல். பதின்ம வயதில் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு பின்னிரவை நோக்கி நகர்கிறது. பத்து மணிக்குப் படு என்றாலும் பதினொன்றுக்குத்தான் கண் அசரும். அது திமிர் இல்லை, உடம்பு. இதை வைத்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், பதின்ம வயதினர் படிக்கும் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது. அங்கே 2022 முதல் உயர்நிலைப்பள்ளிகள் 8.30-க்குப் பிறகுதான்.

அமெரிக்கா எங்கே, நாம் எங்கே என்பீர்கள். சிங்கப்பூரைப் பாருங்கள். நம்முடைய அதே கடிகாரம், அதே இருட்டு. அங்கே நன்யாங் பெண்கள் உயர்நிலைப்பள்ளி 2016-இல் தொடங்கும் நேரத்தை 7.30-இலிருந்து 8.15-க்கு மாற்றியது. ஆய்வாளர்கள் மாணவிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நேரம் தள்ளிப் போனால் பிள்ளைகள் அதற்கேற்ப லேட்டாகத்தான் படுப்பார்கள் என்று எல்லாரும் நினைப்போம். அப்படி முழுவதும் கரைந்துவிடவில்லை. ஒன்பது மாதம் கழித்தும் கூடுதல் தூக்கத்தின் ஒரு பங்கு மிஞ்சியிருந்தது. பகலில் தூங்கி வழிவது குறைந்தது. பரீட்சை என்றால் நம்மைவிட அதிகமாகப் பதறுகிற ஊர் அது. அங்கேயே ஒரு பள்ளி செய்து பார்த்திருக்கிறது.

நம் பள்ளிகள் நாளைக்கே மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஏழரைக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு எட்டுக்கு வேலைக்குப் போக வேண்டிய பெற்றோர் இதைப் படித்தால் முதலில் என்னைத்தான் திட்டுவார்கள். 8.15-க்குப் பள்ளி என்றால் அந்த முக்கால் மணி நேரம் பிள்ளை யாரிடம் இருக்கும்? நியாயமான கேள்வி. தொழிற்சாலையில் ஏழு மணி ஷிஃப்டுக்குப் போகிற அம்மாவுக்கு அது இன்னும் நியாயமான கேள்வி.

ஆனால் ஒன்றை இன்றே நிறுத்தலாம். எழுந்திருக்க முடியாத பிள்ளையைச் "சோம்பேறி" என்பது. எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்கு அதுவே பட்டப்பெயர். மூன்றாவது பாடவேளைக்குள் மேசைமேல் கவிழ்ந்துவிடுவான். சுண்ணக்கட்டி பறந்து வரும். வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன். அவன் அம்மா ஒட்டுக்கடையில் மீ கோரேங் போடுவார். கடை மூடும்வரை அவனும் அங்கேயேதான், ஒரு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். அந்த வழியாகப் போய்வந்த எல்லாரும் அவனை அங்கே பார்த்திருக்கிறார்கள், ஆசிரியர்கள் உட்பட. பத்து மணிக்குக் கடையில் பார்த்தவனை மறுநாள் பத்து மணிக்கு வகுப்பில் தூங்குகிறான் என்று நிற்க வைத்தார்கள். படிப்பு ஏறவில்லை என்று மூன்றாம் படிவத்தோடு அவன் நின்றுவிட்டான். படிப்பு ஏறவில்லையா, கண் மூடிக்கொண்டதா என்று பிரித்துப் பார்க்க அப்போது யாரும் இல்லை.

என் அக்கா இன்றும் ஆயர் தாவாரில்தான் இருக்கிறாள். சீருடையோடு படுத்த அதே அக்கா. அவள் மகள் நான்காம் ஆண்டு. வேறு வேன், வேறு அண்ணன், வழி மட்டும் ஏறக்குறைய அதேதான். முதல் நிறுத்தம் அக்கா வீடு, 6.05-க்கு. கடைசி நிறுத்தம் 6.50-க்கு. நடுவில் முக்கால் மணி நேரம். சிங்கப்பூர்ப் பள்ளி கொடுத்த அதே முக்கால் மணி நேரம் எங்கள் ஊரில் ஒரு வேனுக்குள்ளேயே கிடக்கிறது, ஒரு பக்கத்துப் பிள்ளைகளிடம் மட்டும். இதை அக்காதான் கண்டுபிடித்தாள். கணக்கு அவளுக்கு எப்போதும் வரும்.

போன ஆண்டு அவள் வேன் பெற்றோரின் புலனக் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். ஒரு மாதம் இந்தப் பக்கமிருந்து தொடங்கினால், அடுத்த மாதம் அந்தப் பக்கமிருந்து தொடங்கலாமா? வட்டமான பாதைதானே, தூரம் ஒன்றுதானே? இரண்டு நாள் யாரும் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டார்கள். எங்க பிள்ளை முதலாம் ஆண்டு, சின்னப் பிள்ளை என்று ஒருவர். நாங்க பள்ளிக்குப் பக்கத்துல வீடு வாங்கினதே இதுக்குத்தானே என்று இன்னொருவர். அது பொய்யில்லை, பக்கத்து வீட்டுக்கு விலை அதிகம். செம்பனைப் பக்கத்து அம்மாக்கள் நான்கு பேர் அக்காவுக்கு ஆதரவு. குழுவில் இல்லாத ஒரு பாட்டி நேரில் வந்து, "நல்லதக் கேட்ட தாயி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவருடைய பேரன் 6.15-க்கு ஏறுகிறவன்.

கடைசியில் வேன் அண்ணன் தீர்த்து வைத்தார். மாதம் மாற்றினால் தனக்கே குழம்பும், பள்ளி விடுமுறைக்கு விடுமுறை மாற்றுகிறேன் என்றார். முதல் முறை மாற்றிய வாரத்தில் அக்கா மகள் 6.45-க்கு வேன் ஏறினாள். ஆனாலும் பழக்கத்தில் ஐந்தரைக்கே விழித்துக்கொண்டு, கூடத்தில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தாளாம். இரண்டாம் வாரம்தான் தூக்கம் நீண்டது. இப்போது அக்கா எனக்குக் காலையில் அனுப்பும் படங்களில் அவள் சடை நேராக இருக்கிறது. பின்னும்போது தலை ஆடாததால் வகிடு கோணுவதில்லை என்கிறாள் அக்கா.

அந்தப் பக்கத்து முதலாம் ஆண்டுப் பையனின் அம்மா குழுவில் அழும் முகத்தைப் போடுகிறார். நவம்பர் கடைசியில் எங்கள் முறை வரும், அப்போது நாங்கள் போடுவோம் என்று அக்கா பதில் எழுதியிருக்கிறாள்.

பாதை எந்தப் பக்கம் திரும்பினாலும் வேன் அண்ணனுக்கு எழும் நேரம் மாறுவதில்லை. 4.45. பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் திரும்ப ஏற்றும்வரை அவர் என்ன செய்கிறார் என்று அக்காவிடம் கேட்டேன். பதிலுக்கு ஒரு படம் வந்தது. பள்ளி வேலிக்கு வெளியே, ரம்புத்தான் மர நிழலில், வேனின் கதவுகள் நான்கும் திறந்து கிடக்கின்றன. பின்னிருக்கையில் அண்ணன். காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, முகத்தில் துண்டைப் போட்டு, நல்ல தூக்கம்.